இடிச்சாலும் நட்டமில்லாத கார்

மகளுக்கு லைசன் கைக்கு வந்த அண்டைக்கு எங்கட அண்ணா வீட்ட வந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு ஒரு கதை சொன்னார். "தங்கச்சி, கனக்க யோசிக்காத. ஒரு அல்ட்டோ எடுத்துக் குடு. பழகுற பிள்ள தானே, எங்கயாவது கொண்டுபோய் இடிச்சாலும் பெயின்ட் அடிச்சு வித்துப்போடலாம், நட்டம் வராது." இருந்த எல்லாரும் தலையாட்டினாங்க, நானும் தான் ஆட்டினன். ராவு பாத்திரம் கழுவக்குள்ள தான் அந்த "இடிச்சாலும்" திரும்ப ஞாபகம் வந்திச்சு. இடிச்சா காருக்கு என்ன செய்யலாம் எண்டதுக்கு அண்ணாட்ட பதில் இருந்திச்சு, உள்ளுக்க இருக்கிறவளுக்கு என்ன ஆகும் எண்டு அவரும் சொல்லல்ல, நானும் கேக்கல்ல.

முதல்ல எங்கட நிலைமையச் சொல்லிடுறன். நான் திருகோணமலை உவர்மலையில இருக்கிற ஒரு டீச்சர், இவர் கட்டார்ல, மகளுக்கு 19 வயசு, கோணேசபுரியில இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில இடம் கிடைச்சிருக்கு, வீட்ட இருந்தே போய் வரலாம். விடிய போறதுக்கு பஸ் பிரச்சினை இல்ல, பின்னேரம் லெக்சர் இழுபட்டா தான் நிலாவெளி றோட்டில நிண்டு வாற பஸ் எல்லாத்துக்கும் கை காட்ட வேணும். பொம்பிளப் பிள்ளைக்கு என்னத்துக்கு கார், ஸ்கூட்டி ஒண்டு காணும் எண்டு சொந்தத்துக்குள்ள எல்லாரும் ஒரே குரல். எனக்கு மனசு வரல்ல. மாரி காலத்தில அந்த றோட்டில மழை படுக்கையா அடிக்கும், இருட்டினா உப்புவெளி தாண்டி நடு றோட்டில மாடு படுத்துக் கிடக்கும், டவுனுக்குள்ள மான் நிக்கும் (வெளியூர் ஆக்கள் நம்ப மாட்டாங்க, எங்கட ஊர்ல புள்ளிமான் கடை வாசல்ல நிண்டு மரக்கறித் தோல் தின்னும்). இதையெல்லாம் ரெண்டு சில்லில தாண்டுற பிள்ளைகள் ஆயிரம் பேர் இருக்கு, அவங்கட அம்மாமார் என்னில கோவிக்க வேணாம், எனக்கு பயம், அவ்வளவு தான்.

இவரும் நானும் சேத்து வச்சதும் கூட்டுறவில எடுக்கக்கூடின கடனும் சேந்து 40 லட்சம். அதுக்கு மேல ஒரு ரூவாயும் இல்ல எண்டு வட்ஸ்அப்ல ரெண்டு தரம் சொன்னார்.

40 லட்சத்துக்கு வேற நாட்டுல என்னத்த வாங்கலாம் எண்டு யோசிக்கப் போனா வயிறு எரியும். 2020 மார்ச்சில டொலர் இல்ல எண்டு வாகன இறக்குமதிய நிப்பாட்டினாங்க, அதுக்குப் பிறகு 2025 பெப்ரவரியில தான் தனியார் காருக்கு திரும்பக் கதவு திறந்தாங்க, அதுவும் வரியோட. இந்த இடைப்பட்ட அஞ்சு வருசத்தில நாட்டுக்குள்ள இருந்த பழைய கார் எல்லாம் காணி மாதிரி ஆகிட்டு. 2022ல பெற்றோல் 92 லீற்றர் 470 ரூவா, அதுவும் கியூவில ரெண்டு நாள், பிறகு கியூஆர் கோட் காட்டி பங்கீடு, அப்பவும் காரட விலை இறங்கல்ல. (சீனக்குடாவில வெள்ளக்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கி 99ஐயும் பக்கத்தில வச்சுக்கொண்டு நாங்க போத்தலோட வரிசையில நிண்ட கதைய பேரப்பிள்ளைகள் நம்பாது.) வாங்கின விலைய விட கூட விலைக்கு, அஞ்சு வருசம் ஓடின காரை வித்த ஆக்கள் எங்கட றோட்டிலயே மூண்டு பேர் இருக்காங்க. அதால கார் வாங்கப் போற எவரும் முதல்ல கேக்கிறது "மார்க்கெட் இருக்கா?" எண்டு தான். பிரேக் எப்பிடி எண்டு கேக்கிறது அஞ்சாவது கேள்வி. கேட்டா.

அல்ட்டோவுக்கு மார்க்கெட் இருக்கு. நல்ல கார், பெற்றோல் குடிக்காது, 796 சிசி, சாமான் எந்தக் கடையிலயும் கிடைக்கும், சின்ன ஒழுங்கைக்குள்ள திருப்பலாம். அனுராதபுரச் சந்திக்குப் பக்கத்தில ஒரு வீட்ட போய் ஒண்டு பாத்தம், ஒரு சொட்டு ஒயில் ஒழுக்கில்ல. ஸ்டியரிங்குக்கு நடுவுல ஏர்பேக் எண்டு எழுதியிருக்கா எண்டு பாத்தன், வெறும் ஹோர்ன் தான். வித்த தம்பிட்ட கேட்டன், "அது டொப் மாடலுக்கு தான் அக்கா, இங்க வந்தது கூடுதலா இது தான்" எண்டார்.

அண்டைக்கு ராவு இணையத்தில தேடினன். குளோபல் என்கெப் எண்டு ஒரு அமைப்பு 2014 ஜனவரியில இந்தியாவில விக்கிற அஞ்சு சின்னக் கார்கள மணித்தியாலத்துக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில கொண்டுபோய் தடுப்பில மோத விட்டிருக்காங்க, எல்லாம் ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல். அல்ட்டோ 800, நானோ, ஐ10, பிகோ, போலோ. பெரியாக்கள் பாதுகாப்புக்கு அஞ்சுக்கும் பூச்சியம் ஸ்டார். அதில என்னைப் பிடிச்சு இழுத்தது பூச்சியம் இல்ல, அடுத்தது. அதே போலோவுக்கு ரெண்டு ஏர்பேக் வச்சு திரும்ப மோதினா நாலு ஸ்டார். அல்ட்டோவுக்கும் நானோவுக்கும் ஐ10க்கும் காரட கூடே மடங்கினதால ஏர்பேக் மட்டும் வச்சு பெரிசா பிரயோசனம் இல்ல எண்டு அவங்களே சொல்லியிருக்காங்க. எங்கட நாட்டுல ஊருக்கு வெளிய கார் 70ல போகலாம் எண்டு சட்டமே இருக்கு, அவங்க மோதினது 64ல. கடைசியா மனிசனுக்குப் பதிலா வச்ச பொம்மைட நெஞ்சு ஸ்டியரிங்கில போய் அடிக்கிற வீடியோ ஒண்டு இருந்திச்சு, அதைப் பாத்திட்டு போனை கவுத்து வச்சிட்டு மகள்ட அறைக்குள்ள போய் பாத்தன், மாடு மாதிரி நித்திரை.

அல்ட்டோ ஓடுற ஆக்கள் கோவிக்க வேணாம், எங்கட ஸ்டாப் ரூம்ல பாதிப் பேர் அது தான். 25 வருசம் ஓடின கை வேற. லைசன் எடுத்து ரெண்டு கிழமை ஆன கை வேற, அவளுக்கு பிரேக் எப்ப அடிக்கிறது எண்டதே இன்னும் யோசிச்சு செய்யிற வேலை.

அப்ப தான் கராஜ் நானாட்ட போனன் (முஸ்லிம் அண்ணன்மார எங்கட ஊர்ல நானா எண்டு தான் கூப்பிடுறது). கிண்ணியாக்காரர், பாலையூத்துப் பக்கம் கராஜ் வச்சிருக்கார், எங்கட பழைய வானை பத்து வருசமா உயிரோட வச்சிருந்த மனிசன். விசயத்த சொன்னதும் அவர் சிரிச்சார். "டீச்சர், எல்லாரும் என்ட கிட்ட வந்து கேக்கிறது எஞ்சின் நல்லமா எண்டு. எஞ்சின் போனா கார் நிக்கும், ஓட்டோவுல வீட்ட போகலாம். பிரேக் போனா, டயர் போனா, எங்க போறது?" பாக்கப் போற ஒவ்வொரு காருக்கும் 3000 ரூவா தந்தா கூட வாறன் எண்டார். 3000 ஆ எண்டு மனசுக்குள்ள யோசிச்சன். பிறகு அது எங்களுக்கு மிச்சம் பிடிச்சுத் தந்த காசை நினைச்சா வெக்கமா இருக்கு.

முதல்ல பாத்தது கொழும்பில இருந்து வந்த ஒரு டொயோட்டா விட்ஸ். வெள்ள நிறம், வெளிய பளபளப்பு, உள்ளுக்க மல்லிகப்பூ வாசம் அடிக்கிற ஏதோ தொங்குது. நானா எஞ்சினப் பாக்கவே இல்ல, பின் கதவைத் திறந்து சீற் பெல்ட்டைப் பிடிச்சு முழுசா, கடைசி நூல் வரைக்கும் வெளிய இழுத்தார். கடைசி ஒரு முழத்தில தேத்தண்ணி நிறத்தில ஒரு கோடு. பிறகு டிக்கியில ஸ்பெயார் சில்லைத் தூக்கி அடிக்குழியில விரலால தடவினார், மூலையில நல்ல மா மாதிரி சேறு. டாஷ்போர்ட்டுக்குக் கீழ பியூஸ் பெட்டியில பச்சை பூத்திருந்திச்சு. தண்ணிக்குள்ள நிண்ட கார். 2016 மே மாதம் களனி ஆத்துப் பக்கம் வெள்ளத்தில எத்தனை கார் மூழ்கினது எண்டு எங்களுக்கு டிவியில பாத்த ஞாபகம் தான், அந்தக் கார்கள் எல்லாம் காத்தில கரையல்ல, கழுவி, சீற் உறை மாத்தி, தூர ஊருக்கு வித்தாங்க. 2025 நவம்பர்ல டிட்வா புயல் அடிச்ச பிறகு இது இன்னும் கூடத்தான் செய்யும். தண்ணி குடிச்ச கார் வாங்கின அண்டைக்கு ஓடும். வயர் உள்ளுக்குள்ள உக்கி, ஒரு வருசம் கழிச்சு ஒரு மழை நாள்ல ஏர்பேக் கொம்பியூட்டரோ ஏபிஎஸ்ஸோ (சடுதியா பிரேக் அடிக்கக்குள்ள சில்லு இறுகாம பாக்கிறது) சொல்லாம கொள்ளாம செத்துப் போகும்.

வித்தவர் நல்ல மனிசன் மாதிரித் தான் இருந்தார், தேத்தண்ணி தந்தார். அவருக்கே தெரியாம இருந்திருக்கலாம். நாங்க குடிச்சிட்டு வந்தம்.

அடுத்தது கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டல்காரர்ட கார். இதில தான் நான் எங்கட ஊரைப் பத்தியே புதுசா ஒண்டு படிச்சன். இந்தக் கார் கடலுக்கு நூறு மீற்றர் தள்ளி ஏழெட்டு வருசம் நித்திரை கொண்டிருக்கு. மேல ஒரு கீறல் இல்ல. நானா பழைய சாக்கு ஒண்டை விரிச்சு கீழ படுத்தார், படுத்த மாதிரியே "டீச்சர், கீழ புதுசா கறுப்பு அடிச்சிருக்காங்க" எண்டார். கறள மறைக்க அடிக்கிற அண்டர்கோட். பின் சில்லுக்கு முன்னால கதவுக்குக் கீழ உள்ள பெட்டி மாதிரி தகட்டில ஸ்குறூ டிரைவர வச்சு மெல்லமா அமத்தினார், பப்படத்துக்குள்ள போற மாதிரி உள்ளுக்க போனது. வித்தவர் கத்தத் தொடங்கினார், அது நியாயம் தான், ஆனா ஓட்டை முதலே இருந்தது தானே. "மேல கலியாணம், கீழ மையத்து" எண்டு நானா வரக்குள்ள ஓட்டோக்குள்ள சொல்லிச் சிரிச்சார். அந்தத் தகடு தான் பக்கவாட்டில ஒரு வாகனம் வந்து அடிச்சா தாங்கிறது, சீற் பெல்ட் கூட அதுக்குப் பக்கத்தில தான் பூட்டியிருக்கு. ஆக, கடலோரத்து ஆக்கள் கார் பாக்கப் போனா சாக்கு ஒண்டு கொண்டு போங்க. வாங்கின பிறகும் கிழமைக்கு ஒருக்கா கீழ்ப்பக்கம் நல்ல தண்ணி அடிச்சு கழுவ வேணும், மேல மினுக்கிறதில ஒண்டும் இல்ல.

நடுவுல மகள்ட ஆசைக்காக கந்தளாய்க்குப் போய் ஒரு ஹொண்டா பிட் ஹைபிரிட் பாத்தம். சிவப்பு. பதிச்சு விட்ட ஸ்பிரிங், பின்னால குழாய் மாத்தியிருக்கு, வித்த பெடியனுக்கு 23 இருக்கும். மகளுக்கு முகம் பூத்திட்டு. சர்விஸ் செய்த கணக்கு ஒண்டும் இல்ல, ஹைபிரிட் பெட்டரி முதல் போட்டதா மாத்தினதா எண்டு அவருக்குத் தெரியாது, மாத்த வேண்டி வந்தா எவ்வளவு எண்டு கேட்டதுக்கு நானா சொன்ன தொகையில நான் பேசாம போய் ஓட்டோவில ஏறி இருந்திட்டன். ஹைபிரிட் கெட்டது எண்டு சொல்லல்ல. நல்லா பாத்த ஹைபிரிட் நல்ல பெற்றோல் தரும், ஆனா பெட்டரிக்கு காத்துப் போற வாசல் பின் சீற்றுப் பக்கம் இருக்கிறதே எங்கட ஆக்கள் பாதிப் பேருக்குத் தெரியாது, தூசி அடைச்சு, வெயில்ல வெந்து, பிறகு கம்பனியத் திட்டுவாங்க. படிக்கிற பிள்ளைக்கு எப்ப பெட்டரி போகும் எண்டு எண்ணிக்கொண்டு ஓடுற கார் எனக்கு வேணாம். திரும்பி வரக்குள்ள தம்பலகாமம் வரைக்கும் அவ கதைக்கல்ல.

பிறகு நானா தான் ஒரு கணக்கு சொன்னார், அது எனக்கு உடன பிடிச்சிட்டு. "டீச்சர் வாங்கிறது விக்கிறதுக்கா ஓடுறதுக்கா?" ஓடுறதுக்கு எண்டன். "அப்ப மார்க்கெட் இல்லாத காரப் பாருங்க. டொயோட்டா எண்டு பேர் இருந்தா அந்தப் பேருக்கு மட்டும் அஞ்சாறு லட்சம் குடுக்கிறீங்க. அதே காசுக்கு நிசான்ல, மஸ்டாவில, மிட்சுபிசியில ஒரு அளவு பெரிய கார் வரும், ஏர்பேக் ரெண்டு வரும், ஏபிஎஸ் வரும். விக்கேக்க தான் கஷ்டம்." இவ்வளவு நாளும் எல்லாரும் எனக்கு சொன்ன புத்திமதிய அப்பிடியே கவுத்துப் போட்ட மாதிரி இருந்திச்சு. இவருக்கு கோல் எடுத்து சொன்னன், அங்கால பத்து செக்கன் சத்தமில்ல, "மச்சானுக்குத் தெரியுமா?" எண்டு மட்டும் கேட்டார். எங்கட அண்ணாவுக்கு எல்லாரும் பயம்.

அப்பிடித் தான் டீடா வந்தது. நிசான் டீடா, 1500 சிசி, ஓட்டோ கியர், டைமிங் பெல்ட் இல்ல, செயின், அதால ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருக்கா பெல்ட் மாத்துற செலவு இல்ல. வச்சிருந்தது கந்தோர்ல வேலை பாத்து பென்சன் எடுத்த ஒரு ஐயா. நிறம் எண்டு சொல்ல ஒண்டும் இல்ல, பழைய பிளேன்டி கோப்பைட நிறம். மகள் பாத்திட்டு காதுக்குள்ள சொன்னா, "அம்மா, இது பென்சன் கார்." ஆனா அந்த ஐயா ஒரு சிஆர் கொப்பி கொண்டு வந்தார், பள்ளிக்கூடத்தில நாங்க பாவிக்கிற 80 பக்கக் கொப்பி, அதில வாங்கின நாள்ல இருந்து ஒயில் மாத்தினது, பில்டர், பிரேக் ஷூ, பல்ப் மாத்தினது வரைக்கும் திகதியும் மீற்றரும் விலையும் நீல மையில. கடைசிப் பக்கத்தில 2022ல கியூவில நிண்ட நாட்கள் கூட எழுதியிருந்திச்சு. எனக்கு அந்தக் கொப்பியப் பாத்ததும் பாதி முடிவு எடுத்தாச்சு, நானாவுக்குத் தான் கொப்பி காணாது.

முதல் நாளே கோல் எடுத்து "நாங்க வாற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேணாம்" எண்டு சொல்லியிருந்தம். போன உடன நானா வணக்கம் சொல்ல முதல் பொனட்டில உள்ளங்கைய வச்சார். குளிர். (அதுக்கு முதல் ஒரு இடத்தில பொனட் சுட்டது, "இப்ப தான் கடைக்குப் போய் வந்தன்" எண்டாங்க, ஸ்டார்ட் எடுக்கக் கஷ்டப்படுற எஞ்சின முதலே சூடாக்கி வைக்கிறது பழைய வித்தை.) ஸ்டார்ட் பண்ணினதும் பின்னால நிண்டு புகையப் பாக்கச் சொன்னார் என்னை. நீலமா வந்தா ஒயில் எரியுது, வெள்ளையா நிக்காம வந்தா தண்ணி உள்ளுக்க போகுது, ஒண்டும் வரல்ல. ஒயில் மூடியைக் கழட்டி உள்பக்கம் பால் தேத்தண்ணி மாதிரி படிஞ்சிருக்கா எண்டு பாத்தார். பிரேக்க அமத்திப் பிடிச்சுக்கொண்டு கியரை டில (முன்னுக்கு) இருந்து ஆருக்கு (பின்னுக்கு), ஆரில இருந்து டிக்கு மாத்தி மாத்திப் போட்டார், இடி விழுந்த மாதிரி அடிக்கக் கூடாதாம். மீற்றர்ல 98,000 சொச்சம். அதை நம்பாம பிரேக் மிதி ரப்பர், ஸ்டியரிங் தோல், சாரதி சீற் விளிம்பு மூண்டையும் பாத்தார், மீற்றரைக் குறைக்கிறவன் ரப்பர் மாத்த மறந்திடுவான். நாலு கண்ணாடியிலயும் மூலையில இருக்கிற சின்ன எழுத்துகளை வாசிச்சார், ஒண்டு மட்டும் வேற கம்பனி எண்டா அந்தக் கதவுக்கு ஏதோ நடந்திருக்கு.

பிறகு சாவிய ஸ்டார்ட் எடுக்க முதல் வாற ஓன் கட்டத்துக்குத் திருப்பி, டாஷ்போர்ட்ல ஏர்பேக் லைட்டக் காட்டினார். அது வரவும் வேணும், சில செக்கன்ல அணையவும் வேணும். அணையாட்டி பிழை எண்டு எல்லாருக்கும் தெரியும், வரவே இல்லாட்டி அதை விடப் பெரிய பிழை, வெடிச்ச ஏர்பேக்க மாத்தாம மூடி மட்டும் ஒட்டி பல்பைக் கழட்டி விக்கிற ஆக்கள் இருக்காங்க.

டயர்ல மட்டும் மாட்டிக்கொண்டார் ஐயா. பூ (டயர்ல உள்ள வெட்டு) நல்லா இருந்திச்சு, நான் பாத்தா புது டயர் எண்டு தான் சொல்லுவன். நானா டயர்ட பக்கத்தில ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள இருந்த நாலு இலக்கத்தைக் காட்டினார்: 1214. 2014ம் ஆண்டு 12வது கிழமை செய்த டயர். கொஞ்சமா ஓடுற காருக்கு பூ தேயாது, ரப்பர் காஞ்சு போகும், மழையில பிடி இருக்காது, எங்கட வெயில்ல சொல்லவே வேணாம். ஐயாவுக்கு முகம் வாடினது. இதை வச்சு ஒன்றரை லட்சம் குறைச்சம், அந்தக் காசையும் அதுக்கு மேல கொஞ்சத்தையும் போட்டு நாலு டயர், முன் பேட், பின் ஷூ, பிரேக் ஒயில், கூலன்ட், பெட்டரி எல்லாம் மாத்தினம். நீங்க எவ்வளவு வச்சிருந்தாலும் பத்தில ஒரு பங்கை காருக்குக் குடுக்காம கையில வையுங்க. இதைச் சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்ல, நாங்க வச்சதால தப்பினம்.

காசு குடுக்க முதல் இன்னொரு விசயம், இதை கொஞ்சம் நிண்டு வாசிங்க. ஏர்பேக் வேணும் ஏர்பேக் வேணும் எண்டு இவ்வளவு நாளும் திரிஞ்ச எனக்கு, நானாட மருமகன் தான் டக்காட்டா கதையச் சொன்னான். ஜப்பான்ல டக்காட்டா எண்டு ஏர்பேக் செய்த கம்பனி. அந்த ஏர்பேக்க ஊத வைக்கிற மருந்து அமோனியம் நைத்திரேற். வருசக் கணக்கா வெக்கையும் ஈரமும் மாறி மாறிப் பட்டா அந்த மருந்து கெட்டு, விபத்தில ஊதுறதுக்குப் பதிலா வெடிச்சு, உள்ள இருக்கிற இரும்புக் குடுவைய உடைச்சு முகத்துக்கு எறியும். உலகம் முழுக்க சுமார் 10 கோடி ஏர்பேக் திருப்பி அழைச்சாங்க (ரீகோல்), கம்பனி 2017ல வங்குரோத்து. கொரொல்லா, விட்ஸ், சன்னி, டீடா, பிட் எண்டு எங்கட றோட்டில ஓடுற பேர்கள் கனக்க அந்த லிஸ்ட்ல. வெக்கையும் ஈரமும் எண்டு சொல்லக்குள்ள எனக்கு எங்கட ஊர் தான் ஞாபகம் வந்திச்சு, ஆடியில சுடுற கச்சான் காத்து, கார்த்திகையில மாரி.

செய்ய வேண்டியது ஒண்டும் கஷ்டமில்ல. காரட உடம்பில அடிச்சிருக்கிற சேஸிஸ் நம்பர எடுத்து, அந்த அந்தக் கம்பனிட ஜப்பான் இணையத்தளத்தில ரீகோல் தேடுற பக்கத்தில அடிக்கிறது, ஜப்பான் எழுத்தை போன் கமராவால மொழிபெயர்க்கிறது. அதுக்கு முதல் நாங்க விரும்பின இன்னொரு காருக்கு அடிச்சுப் பாத்தா இன்னும் மாத்தல்ல எண்டு வந்தது, விட்டிட்டம். டீடாவுக்கு பசஞ்சர் பக்க ஏர்பேக் ரீகோல் இருந்திருக்கு, இங்க அனுப்ப முதல் அங்கயே மாத்தியாச்சு எண்டு வந்தது. 1942 ஏப்ரல் 9 எங்கட துறைமுகத்துக்கு குண்டு போட்ட ஆக்கள்ட நாட்டில எங்கட மகளுக்காக ஒரு ஏர்பேக் மாத்தி வச்சிருக்காங்க எண்டு ஐயா சொன்னார், அவருக்கு சரித்திரம் பிடிக்குமாம்.

ஒரு குறை சொல்ல வேணும். கார் வழுக்கக்குள்ள ஒவ்வொரு சில்லையும் தனித்தனியா பிரேக் பிடிச்சு நேராக்கிற சிஸ்டம் ஒண்டு இருக்கு, விஎஸ்சி, ஈஎஸ்பி எண்டு கம்பனிக்கு ஒரு பேர், அமெரிக்காவில 2012 மாடல்ல இருந்து அது இல்லாம புதுக் கார் விக்க ஏலாது. புது சாரதிக்கு ஏர்பேக்குக்கு அடுத்தது அது தான். எங்கட காசுக்கு அது வரல்ல. காசு உள்ளவங்க அதைத் தேடுங்க.

பேப்பர் விசயம் சுருக்கமா. சிஆர்ல (வாகனப் பதிவுச் சான்று) பேர் உள்ள ஆள் தான் விக்கிற ஆளா எண்டு ஐடியோட பாருங்க, அறுதி உரிமையாளர் இடத்தில லீசிங் கம்பனி பேர் இருந்தா விடுவிச்ச கடிதம் இல்லாம காசு குடுக்க வேணாம். சேஸிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் கார்ல உள்ளதோட ஒப்பிடுங்க. ஓபன் பேப்பர்ல (பழைய உரிமையாளர்ட பேரிலயே) வாங்கி பிறகு மாத்துவம் எண்டு வச்சிருக்கிற பழக்கம் எங்கட ஊர்ல கனக்க, வித்தவர் வெளிநாடு போனா, செத்தா, நீங்க கந்தோர் கந்தோரா அலைவீங்க. பேர் மாத்துற படிவத்தில எம்டிஏ 6 வாங்கிறவருக்கு, எம்டிஏ 8 விக்கிறவருக்கு, ரெண்டையும் அண்டைக்கே நிரப்புங்க. புகைச் சான்று, வரி, இன்சூரன்ஸ் திகதி பாருங்க. பழைய கார் தானே எண்டு மூண்டாம் தரப்பு இன்சூரன்ஸ் மட்டும் போடப் பாத்தன், 19 வயசு ஓடப் போகுது எண்டு ஞாபகம் வந்து முழு இன்சூரன்ஸே போட்டன்.

கார் வந்த முதல் மாசம் நான் பக்கத்து சீற்றில. ஒரு ஞாயிறு விடிய, சீனக்குடாப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத நேர் றோட்டு ஒண்டில, பின்னால ஒண்டும் வரல்ல எண்டு பாத்திட்டு, 50ல போய் "இப்ப மிதி, முழுப் பலத்தோட" எண்டன். மிதிச்சா. ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கினதும் மிதி காலுக்கடியில கடகடவெண்டு நடுங்கினது, பயந்து காலை எடுத்திட்டா, கார் அது பாட்டுக்குப் போகுது. "ஏதோ உடைஞ்சிட்டும்மா" எண்டா. உடையல்ல, அது அப்பிடித் தான், விடாம மிதிக்க வேணும் எண்டு நானா சொல்லித் தந்ததை நான் சொல்லி, அஞ்சாறு தரம் செய்த பிறகு தான் கால் நிண்டது. கார் பழக்கிற லேனர்ஸ்ல இதை ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல்ல. ஏபிஎஸ்ஸுக்கு நாங்க குடுத்த காசு இந்தப் பயிற்சி இல்லாட்டி வீண்.

வீட்டுச் சட்டம் நாலு போட்டன், இவர் அஞ்சாவது ஒண்டு சேர்த்தார். ஆறு மாசத்துக்கு இருட்டின பிறகு தனிய ஓடுறதில்ல. கூட்டாளி ஒராள் மட்டும் தான் ஏத்தலாம், கார் நிறைய ஆள் ஏறினா இந்த வயசுப் பிள்ளைகள்ட விபத்து கூடும் எண்டு படிச்சன், நான் படிக்காட்டியும் தெரியும், பள்ளிக்கூட ட்ரிப் பஸ்ல இருந்திருக்கிறன். போன் பாக்குக்குள்ள, பாக் பின் சீற்றில. கந்தளாய் தாண்டி ஹபரணப் பக்கம் விடியவும் இருட்டவும் போகக் கூடாது, யானை கடக்கிற றோட்டு. இவர் சேர்த்தது: ஒவ்வொரு ஞாயிறும் ஒயில், தண்ணி, டயர் காத்து பாத்து படம் எடுத்து கட்டாருக்கு அனுப்ப வேணும். முதல்ல முணுமுணுத்தா, இப்ப ஐயாட 80 பக்கக் கொப்பியில அவவும் எழுதுறா, பச்சை மையில.

மூண்டாம் மாசம் எங்கட கேற் தூணில பின்னுக்கு எடுக்கக்குள்ள இடிச்சா. பெரிசா ஒண்டும் இல்ல, இடது பக்க பின் லைட் உடைஞ்சது, பம்பர்ல ஒரு கீறல். லைட் திருகோணமலையில ஒரு கடையிலயும் இல்ல. கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் சொல்லி, அங்க பழைய சாமான் கடையில ஒண்டு தேடி எடுத்து, ராவு பஸ்ஸில பார்சலா அனுப்பி, நாலு நாள் சென்றது. அந்த நாலு நாளும் அண்ணா ஒவ்வொரு நாளும் வந்தார், தேத்தண்ணி குடிச்சார். "அல்ட்டோ எண்டா மெயின் வீதியில கால் மணித்தியாலத்தில எடுத்திருக்கலாம்" எண்டார். அதில அவர் சொன்னது சரி.

லைட் வந்தது, வலது பக்கத்தை விட சிவப்பு கொஞ்சம் மங்கல். நானா பூட்டக்குள்ள "மாத்தி வேற பாப்பமா டீச்சர்?" எண்டார். மகள் தான் வேணாம் எண்டா, கம்பஸ்ல அவட கார் எது எண்டு தூரத்திலயே தெரியுமாம்.